மூன்று நாள் எடை

அந்த மூன்று நாட்களின் எண்களை நான் பார்த்து எழுதவில்லை, மனதில் தோன்றியபடி எழுதினேன். நாளைக்கு நூற்றிருபது தொட்டிகள். எல்லாவற்றையும் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உண்மையாகவே தராசில் தூக்கி வைத்து எடை போட்டிருந்தால் ஒரு நாள் கணக்குக்கே இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய விதை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு பக்கம் ஸ்பிரிங் செய்யும் பட்டறை, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டிக் கம்பெனி, நடுவில் நாங்கள். ரவைக்கும் சேமியாவுக்கும் பாஸ்தாவுக்கும் ஆகிற டியூரம் கோதுமையை வளர்க்கிறோம். சென்னை வெயிலில் கோதுமையா என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். வெளியே அடிக்கிற வெயிலுக்கும் எங்கள் பயிருக்கும் சம்பந்தமே கிடையாது. ஜன்னல் இல்லாத அறைகள், குளிரக் குளிர ஏசி, நாளில் பெரும்பாலான நேரம் எரியும் விளக்குகள். வெளிச்சம் நீண்டால் கோதுமை சீக்கிரம் பூத்துவிடும். வயலில் வருடத்துக்கு ஒரு முறை வருகிற விளைச்சல் இங்கே நாலைந்து முறை வரும். அதிகம் விளைகிற ரகத்தோடு வறட்சியைத் தாங்குகிற ரகத்தைக் கலந்து, இரண்டு குணமும் ஒன்றாக வாய்த்த பயிரைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

என் பொறுப்பில் இருந்தது வறட்சி அறை. நாற்பது வகைக் கோதுமை, வகைக்கு மூன்று தொட்டி. கதிர் வெளியே வரும் சமயத்தில் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுவோம். பிறகு தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் வைத்து எடையைக் குறிக்க வேண்டும். எடை குறைகிற வேகத்தை வைத்துத்தான் செடி எவ்வளவு தண்ணீர் குடித்தது, மண்ணில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்து, பச்சை குறையாமல், கதிரில் மணி பிடிக்கிற வகை ஜெயித்த வகை. என்னோடு அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். நான் ஒருத்திதான்.

தண்ணீர் நிறுத்திய மூன்றாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு ஆறு வயது. ஆவடியில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸில் அதே வரிசையில் இரண்டு குழந்தைகள் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். என் கணவர் தொழிற்சாலை வேலையாக வடக்கே போயிருந்தார். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தட்டணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அறையே சாய்ந்த மாதிரி இருந்தது.

விடுப்பு கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வருடத்து விடுப்பு எல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அடுத்த மாதம் முடிவெடுக்கப் போகிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவரை அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். அதனால் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை மகளோடு உட்கார வைத்துவிட்டு, காலை ரயிலில் அம்பத்தூர் வந்து, விரல் ரேகை வைத்துவிட்டு, அறைக் கதவின் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பேன். விளக்கு எரிகிறது, ஏசி ஓடுகிறது. அடுத்த ரயிலில் ஆவடிக்குத் திரும்பிவிடுவேன். மாலையில் மறுபடி வந்து விரல் வைப்பேன். எங்கள் தலைமை ஆராய்ச்சியாளர் அந்த வாரம் வயல் பார்க்க மத்தியப் பிரதேசம் போயிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

நான் ஓடுவதைப் பார்த்தது ஒரே ஒருவர். அறைகளைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. பாடியிலிருந்து வருகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், காண்ட்ராக்டில்தான் அவருக்கும் வேலை. கேட்டருகே என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். பப்பாளி இலைச் சாறு கொடுத்தாயா என்று கேட்டுவிட்டு, போ போ, நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றார்.

மூன்று நாள் இப்படி ஓடியது. நான்காம் நாள் மகளுக்குக் காய்ச்சல் விட்டு, தட்டணுக்களும் ஏறத் தொடங்கின. அன்று காலை அறைக்குள் போய் முறையாக எடை போட்டேன். எல்லாத் தொட்டிகளும் வெகுவாக இளைத்திருந்தன. கடைசி மூலையில் இருந்த ஒரு வகையின் மூன்று தொட்டிகள் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இந்தச் செடி தண்ணீரைச் சிக்கனமாகக் குடிக்கிறது போல என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, காலியாகக் கிடந்த மூன்று நாள் கட்டங்களை நிரப்பினேன். முன்னும் பின்னும் உள்ள நிஜ எண்கள் தெரியும், நடுவில் ஒரு இறக்கம் வரவேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒன்றும் பெரிய தப்பாக எனக்கு அப்போது படவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்கிற நிம்மதியில் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த மூலைச் செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. மற்ற வகைகள் இலை சுருண்டு, நுனி கருகி, வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தன. வயல் பார்த்துத் திரும்பிய எங்கள் தலைமை ஆராய்ச்சியாளர் சார் அந்தத் தொட்டிகளின் முன்னால் வெகுநேரம் நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு விவசாயி கதிர் ஒன்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாராம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உமிதான் பறந்ததாம், ஒரு மணிகூட இல்லையாம். பூக்கிற நேரத்தில் மண்ணில் ஈரம் இல்லாமல் போய்விட்டது. அந்த விவசாயி ஒன்றும் கேட்கவில்லை, சும்மா முகத்தைப் பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை என்றார் சார். பிறகு என் எடைக் குறிப்பைப் புரட்டினார். மூலை வகையின் கோடு அழகாக, மெதுவாக இறங்கியிருந்தது. நான் வரைந்த கோடு. அதை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

நிர்வாகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். செடியைப் போட்டோ எடுத்தார்கள். ஸ்வீட் பெட்டி வந்தது. எல்லோரும் போன பிறகு அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

“இன்னாம்மா, அல்லாரும் இந்த மூலைச் செடியவே போட்டோ புடிச்சிக்கினு போறாங்க? இதுக்கு மேலதான ஏசி தண்ணி ஒழுவிக்கினு இருந்துச்சு.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எப்போது என்று கேட்டேன்.

“நீ புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஓடிக்கினு இருந்தியே, அப்பதான். மூணு நாளா சொட்டிக்கினே இருந்துச்சு. தரையெல்லாம் தண்ணி. நான்தான் பக்கெட்டு வச்சேன். அப்பால எலெக்ட்ரீஷியன் வந்து பைப்புல அடச்சிக்கினு இருந்தத எடுத்துட்டுப் போனாரு.”

நிமிர்ந்து பார்த்தேன். ஏசிக் குழாயிலிருந்து அடுக்கின் இரும்புச் சட்டம் வரைக்கும் சுவரில் மங்கலாக ஒரு நீர்த்தடம். சட்டத்தின் நேர் கீழே அந்த மூன்று தொட்டிகள். பக்கெட் தரையில் இருந்திருக்கிறது. தண்ணீர் முதலில் தொட்டிகளில் சொட்டி, வழிந்தது போகத்தான் பக்கெட்டுக்கு வந்திருக்கிறது. நான் அந்த நாட்களில் எடை போட்டிருந்தால் தொட்டி குறைவதற்குப் பதில் கூடியிருப்பது முதல் நாளே தெரிந்திருக்கும். கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

மகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கும்போது வந்ததே, அதே பயம். ஆனால் அதை நாலு பேரிடம் சொல்லி அழ முடிந்தது. இதைச் சொல்ல முடியாது.

“அக்கா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றேன்.

அவர் முகம் மாறியது. “ஏம்மா? நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. சொல்லாதீங்க, அவ்வளவுதான் என்று மறுபடியும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வகையை வைத்துத்தான் அடுத்த கட்டக் கலப்பு என்று சார் முடிவு செய்துவிட்டார். கலப்பு செய்வது என் கை. அதிகம் விளைகிற ரகத்தின் கதிரை எடுத்து, ஒவ்வொரு பூவையும் பிரித்து, உள்ளே இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். பிறகு காகித உறை போட்டு மூடி, இரண்டு மூன்று நாள் கழித்து மற்ற வகையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். எட்டு வருடம் செய்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அந்த வாரம் இடுக்கி நழுவிக்கொண்டே இருந்தது. பூக்களைக் கிழித்தேன். ஒவ்வொரு உறையிலும் தேதியையும் பெற்றோர் எண்ணையும் எழுதும்போது, மறுபடி மறுபடி அதே பொய்க்குக் கையெழுத்து போடுவது போல இருந்தது.

சாப்பாட்டு மேசையில் எலெக்ட்ரீஷியன் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன். பேச்சுவாக்கில் அவர் அந்தக் குழாயைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால்? ரயிலில் ஆவடி வரைக்கும் அதையேதான் யோசிப்பேன். தண்ணீர் சொட்டியது என்பதற்காக அந்த வகை வறட்சியைத் தாங்காது என்று அர்த்தமில்லையே, உண்மையிலேயே தாங்கும் வகையாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். திருமுல்லைவாயல் தாண்டுவதற்குள் அந்தச் சமாதானம் தீர்ந்துவிடும். வெறும் உமி பறந்த ஒரு உள்ளங்கை நினைவுக்கு வரும். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா அந்த அறைக்கு வருவதை நிறுத்தினார். வாசலோடு துடைத்துவிட்டுப் போய்விடுவார். என்னைக் கண்டால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார். முன்பெல்லாம் மகளைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார். ஒரு திங்கட்கிழமை அவர் இடத்தில் வேறொரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரிடம் விசாரித்தேன். வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள் என்று அக்காவே கேட்டாராம். இங்கே என்னமோ தப்பு நடந்துபோச்சு, என் தலையில் விழுந்துடும் என்று அழுதாராம். என்ன தப்பு என்று கேட்டதற்குத் தெரியாது என்றாராம்.

அதைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். என் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே எடுத்து அக்காவின் மேல் வைத்திருக்கிறேன். அவர் செய்ததெல்லாம் சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பக்கெட் வைத்ததும், என் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டதும்தான்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. இன்னும் மூன்று நாள் ஆனது. வியாழக்கிழமை மூலை வகையின் விதைகளைப் பொட்டலம் கட்டி, வறண்ட மண்ணில் நட்டுப் பார்ப்பதற்காக வடக்கே அனுப்புவதாக ஏற்பாடு. பொட்டலங்கள் மேசையில் அடுக்கியிருந்தன. கூரியர்காரர் பதினொரு மணிக்கு வருவார் என்று சார் சொன்னார். பத்தே முக்கால் வரைக்கும் என் இடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

“சார், அந்த விதைய அனுப்பாதீங்க. அந்த மூணு நாள் எடை நான் போடல. எல்லாம் நானா எழுதுனது.”

மற்றதையும் சொன்னேன். மகள், ரயில், ஏசித் தண்ணீர் எல்லாம். அக்காவைப் பற்றியும் சொன்னேன். சார் மேசை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

“பாப்பா இப்ப நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டார் முதலில்.

இருக்கிறாள் என்றேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் வேலைங்க இது. மூணு கட்டத்தக் காலியா விட்டிருந்தாப் போதும்.” பேனாவைக் கீழே வைத்தார். “சரி, கூரியர்காரர வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க.”

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நிர்வாகத்திடம் அவரே போய்ச் சொன்னார். என்னிடம் எழுதி வாங்கினார்கள். நிரந்தரம் என்கிற பேச்சு நின்றது. ஒப்பந்தத்தை மட்டும் இன்னொரு வருடம் நீட்டினார்கள், நான் எழுதும் எந்த எண்ணுக்கும் இன்னொருவர் பக்கத்தில் நின்று கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேலையே போய்விடும் என்று நினைத்திருந்தேன். சார் எனக்காக என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரிசோதனையை முதலிலிருந்து நடத்தினோம். இந்த முறை மூலை வகையை அறையின் நடுவில் வைத்தோம். தண்ணீர் நிறுத்திய நாளிலிருந்து தினமும் காலையில் கதவைத் திறக்கும் முன் ஒரு கணம் நிற்பேன். அது நன்றாக நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. நின்றுவிட்டால் நான் செய்தது அவ்வளவு பெரிய குற்றமாக இருக்காது. அந்த ஆசையே எனக்குப் பயமாக இருந்தது. எடை எண்ணைப் படிக்கும்போது என் வாயிலிருந்து வேறு எண் வந்துவிடுமோ என்று, பக்கத்தில் நிற்பவரை முதலில் படிக்கச் சொன்னேன்.

ஏழாம் நாள் வரைக்கும் பச்சையாக இருந்தது. எட்டாம் நாள் காலை இலைகள் உள்ளுக்குள் சுருள ஆரம்பித்திருந்தன, மற்ற வகைகள் போலவே. பத்தாம் நாள் கீழ் இலைகள் காய்ந்தன. கதிரில் பாதி மணி பிடிக்கவில்லை. மோசமான வகை இல்லை, ஆனால் விசேஷமாக ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஓரளவு தாங்கி நின்றது அதுவல்ல, ஒல்லி இலையும் குட்டைத் தண்டுமாக, முதல் முறை நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத வேறொரு வகை. அதன் மணிகள் சிறியவை. விளைச்சல் போதாது. அதோடுதான் இப்போது கலப்பு நடக்கிறது. அதிலிருந்து ஒன்று தேறுமா தேறாதா என்று தெரிய இன்னும் சில வருடங்கள் ஆகும்.

“நமக்கு ஒரு போகம் போச்சுங்க” என்றார் சார், காய்ந்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு. “வயலுக்குப் போயிருந்தா அங்க எத்தன பேருக்குப் போயிருக்குமோ.” அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அக்காவைத் தேடிப் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மதியம் ஷிப்ட் விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். லாரிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கூட்டத்தோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையது, உங்களுடையது எதுவுமே இல்லை, ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார். ஏசித் தண்ணீருக்கும் போட்டோ எடுத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கிச் சொன்னேன். அதையும் கேட்டார்.

“அப்ப சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். “நீ பயந்துக்கினு பேசுன. எனுக்கு இன்னா தெரியும்? பெரிய எடத்துச் செடி, நான் ஏதோ கெடுத்துட்டேன், போலீசு வரும்னு நெனச்சிக்கினேன். ஊட்ல சோறு எறங்கல.”

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். திரும்ப எங்கள் இடத்துக்கு வருகிறீர்களா, நான் பேசுகிறேன் என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இங்கே இயந்திரங்கள்தான், துடைத்தால் துடைத்ததுதான், பயமில்லை என்றார்.

அவருடைய பஸ் வந்தது. ஏறும் முன் திரும்பி, பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறாளா என்று கேட்டார். போகிறாள் என்றேன். கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. வெயிலில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கதிர்களுக்கு உறை போடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டுமே என்று கைகாட்டி நிறுத்திய முதல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.